வெள்ளிக்கிழமைகளில் வேலை செய்யாத குரூஸ்

குரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யவில்லை என்று ஒருவர் வந்து மேசை முன்னால் நின்றால் உங்களில் பாதிப் பேர் உள்ளுக்குள் சிரிப்பீர்கள். மறுக்க வேண்டாம், எனக்குத் தெரியும். பிரேக் பிடிக்கவில்லை என்றால் ஓடுவீர்கள். ஏசி குளிரவில்லை என்றால் நடப்பீர்கள். குரூஸ் என்றால் டீ குடித்துவிட்டு வருவீர்கள். நானும் அப்படி டீ குடித்துவிட்டு வந்தவன்தான்.

"புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும், நீங்கள் பார்த்ததிலேயே பெரிய கோளாறைப் பற்றி எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டீர்கள். எரிந்துபோன வண்டி, ஏரித் தண்ணீரில் மூழ்கிய வண்டி என்று எதையாவது எதிர்பார்த்திருப்பீர்கள். அவை எல்லாம் சுலபம். கருகியது கண்ணுக்குத் தெரியும், நனைந்தது கைக்குத் தெரியும். என்னை இரண்டு முறை முட்டாளாக்கிய வண்டியில் எதுவுமே கெட்டுப்போகவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

சேலத்தில் நாமக்கல் ரோட்டில் இருக்கும் நம் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். கடைசிப் பத்து வருஷம் கோளாறு கண்டுபிடிக்கும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். அந்த நாட்களில் குரூஸ் என்ற பேச்சு வந்தால் நான் விடும் ஜோக் ஒன்று உண்டு. "நம்ம ரோட்டுக்கு எதுக்குங்க குரூஸு? ஒரு பக்கம் ஆடு வரும், ஒரு பக்கம் எதிர்த்திசையில மொபெட்டு வரும். ஆக்சிலேட்டர விட்டுட்டுக் கால் சும்மா இருந்தா போரடிக்குமே!" எல்லாரும் சிரிப்பார்கள். வாடிக்கையாளரும் சிரிப்பார். அந்த ஜோக்கை நான் ஒரேயடியாக நிறுத்திய கதைதான் இது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். காட்டன் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், நடையில் வலது காலில் லேசான இழுப்பு. வண்டியை அவரேதான் ஓட்டி வந்தார். பின் சீட்டிலிருந்து அவருடைய வீட்டுக்காரர் ஒரு மஞ்சள் பையோடு இறங்கி, யாரிடமும் எதுவும் பேசாமல் காத்திருக்கும் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். முன் சீட் காலியாக இருக்கும்போது பின் சீட்டில் ஏன் வந்தார் என்று ஒரு நொடி நினைத்தேன். அதோடு மறந்துவிட்டேன்.

"ஏனுங்ண்ணா, குரூஸ் விழுகவே மாட்டேங்குதுங்க. பட்டன அமுத்துனா இப்போதைக்குக் கெடையாதுன்னு மீட்டர்ல எழுத்து வருதுங்க."

"ஏதாவது புதுசா மாட்டுனீங்களாம்மா? லைட்டு, ஹாரன், கேமரா அந்த மாதிரி?"

"எதுவுமே மாட்டலீங்க. வாங்குனது வாங்குன மாதிரியேதான் இருக்குதுங்க."

இந்தக் கேள்வியையும் பதிலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டது சரியான கேள்வி என்று நினைத்தேன். அவர் சொன்னதும் அவரளவில் உண்மைதான்.

அந்த வண்டி புது மாதிரி. சும்மா வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழைய குரூஸ் அதில் இல்லை. முன்னால் போகும் வண்டியை ராடார் பார்த்துக்கொண்டே இருக்கும். முன் வண்டி மெதுவானால் இதுவும் மெதுவாகும், அது நின்றால் இதுவும் நிற்கப் பார்க்கும். முகப்பில் கம்பெனிச் சின்னம் இருக்கிறது அல்லவா, அதற்குப் பின்னால்தான் அந்த ராடார் உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் கேவலம்.

நம் பட்டறை வழக்கத்தைச் சொல்லவே வேண்டாம். எந்த வண்டி உள்ளே வந்தாலும் முதலில் வாட்டர் வாஷ், பிறகுதான் மெக்கானிக். புழுதியோடு வந்த வண்டியில் கை வைப்பதை நாம் ஒரு மரியாதைக் குறைவாகவே நினைப்போம். வெளியூர்ப் பட்டறைகளில் கடைசியில் கழுவிக் கொடுப்பார்கள், நாம் முதலிலேயே கழுவிவிடுவோம். அதில் நமக்குப் பெருமை வேறு. அன்றும் வண்டி நேராக வாஷுக்குப் போனது. குளித்து முடித்துப் பளபளவென்று வந்ததை எடுத்துக்கொண்டு மல்லூர் வரை ஓட்டிப் பார்த்தேன். பட்டனை அழுத்தியதும் குரூஸ் அழகாக விழுந்து வேகத்தைப் பிடித்துக்கொண்டது. போகும்போதும் விழுந்தது, வரும்போதும் விழுந்தது.

திரும்பி வந்து அந்த அம்மாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, இந்தப் பட்டனை இப்படி அழுத்த வேண்டும், இத்தனை வேகம் வந்த பிறகு அழுத்த வேண்டும் என்று பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். நடுவில் என் ஆடு, மொபெட் ஜோக்கையும் விட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்புடிங்களா" என்று மட்டும் சொன்னார். கணவர் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டி போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து, மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை, அதே அம்மா.

"அண்ணா, நீங்க சொன்ன மாதிரியேதான் அமுத்துனனுங்க. விழுகலீங்க."

இந்த முறை அவரை உட்கார வைத்துப் பேசினேன். அப்போதுதான் அவர் கோழி டாக்டர் என்று தெரிந்தது. வீடு மோகனூர்ப் பக்கம். தீவனக் கம்பெனி ஒன்றுக்காகப் பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிகளைப் பார்க்கிற வேலை. மற்ற நாளெல்லாம் நாமக்கல்லைச் சுற்றி ஊர் ரோடுகளில் ஓட்டுவார், அங்கே குரூஸுக்கு வேலையே இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் சேலத்தைத் தாண்டி அயோத்தியாப்பட்டணம் பக்கம் இருக்கும் பண்ணைகள். போக, வர நெடுஞ்சாலை.

"எனக்கு வலது கணுக்கால்ல தகடு வெச்சிருக்குதுங்க. ஊருக்குள்ள கால மாத்தி மாத்தி வெக்கறப்ப ஒண்ணும் தெரியாதுங்க. ஹைவேயில ஆக்சிலேட்டர ஒரே மாதிரி மிதிச்சுட்டே இருந்தா அர மணி நேரத்துல மரத்துப் போயிருதுங்க. அப்பறம் பிரேக்குக்குக் கால எடுக்கறப்ப கால் எங்க இருக்குதுன்னே தெரியறதில்லீங்க. குரூஸ் இருந்தா கால எடுத்துத் தரையில வெச்சுக்குவேன். அதுக்குன்னேதானுங்க இந்த வண்டிய வாங்குனது."

"டிரைவர் வெச்சுக்கலாமேம்மா."

"ஒவ்வொரு பண்ணையிலயும் நான் எறங்கி, குளிச்சு, உடுப்பு மாத்தித்தான் உள்ள போகோணும். கூட ஒரு ஆள் வந்தா அவரும் நோயத் தூக்கிட்டுத் திரியறதாயிரும்னு பண்ணைக்காரங்க ஒத்துக்கமாட்டாங்க. எங்க வூட்டுக்காரரே வண்டிய விட்டு எறங்க மாட்டாருங்க." கணுக்காலைத் தேய்த்துவிட்டபடியே மேலே சொன்னார். "ஒரு மாசத்துக்குள்ள சரியாகலைன்னா வெள்ளிக்கிழம லைன வேற டாக்டருக்குக் குடுத்துருவோம்னு கம்பெனியில சொல்லிப்போட்டாங்க. நான் இருவது வருஷமா பாக்கற பண்ணைங்க. நான் போனா கோழி கூப்படற சத்தத்துலயே என்ன சீக்குன்னு சொல்லிப்போடுவனுங்க."

எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. காலுக்கு ஓய்வு கேட்டு வந்தவரிடம் கால் சும்மா இருந்தால் போரடிக்கும் என்று ஜோக் அடித்திருக்கிறேன். இந்த முறை விட்டுவிடக் கூடாது என்று முடிவு செய்து, வண்டிச் சாவியை நானே வாங்கிக்கொண்டு வெளியே போனேன்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். வண்டியின் முகப்பில் சின்னம் இருக்கும் இடத்தில் மஞ்சள் சாமந்திச் சரம் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பூவில் ஈரம் கூடக் காயவில்லை. அதற்கு நடுவே விரல் தடிமனுக்குச் சந்தனம், சந்தனத்தின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். வெள்ளிக்கிழமை அல்லவா! பார்க்கவே மங்களகரமாக இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு விரலால் அந்தக் குங்குமத்தைத் தொட்டு என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். கும்பிட்டேன். பிறகு சாவியை வாட்டர் வாஷ் பார்க்கும் அண்ணனிடம் கொடுத்து, "நல்லா கழுவிட்டுக் கொண்டாங்கண்ணா" என்றேன்.

கழுவின வண்டியில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன். இப்போது கோளாறு ஏதும் இல்லை, ஆனால் முன்பு ராடாரின் பார்வை பலமுறை தடைப்பட்டிருக்கிறது என்று நினைவில் பதிவாகியிருந்தது. பார்வை தடைப்பட்டது என்று அந்த இயந்திரம் அவ்வளவு தெளிவாகச் சொல்கிறது. நெற்றியில் அந்த வண்டியின் குங்குமத்தோடு நின்றுகொண்டு நான் யோசித்தேன், ராடார் கொஞ்சம் சாய்ந்திருக்குமோ என்று. இரண்டு நாள் வண்டியை வைத்துக்கொண்டு, ராடாரைக் கழற்றி, மாட்டி, நேர் பார்த்து, திங்கட்கிழமை ஓட்டினேன். பிரமாதமாக வேலை செய்தது. சரி செய்துவிட்டேன் என்று மார்தட்டி அனுப்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு போன்.

"அண்ணா, அயோத்தியாப்பட்டணத்துலேர்ந்து பேசறனுங்க. வேல செய்யலீங்க. பண்ணைய முடிச்சுட்டு இப்புடியே நேரா வாரேன். யாரும் வண்டியத் தொடக்கூடாதுங்க."

வண்டி வந்தது. வழக்கம்போல வாட்டர் வாஷ் அண்ணன் சாவிக்குக் கை நீட்டினார். அந்த அம்மா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. களைப்பு. வலது காலைத் தரையில் ஊன்றாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, ஒண்ணு சொல்றனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. கோழி சாகுதுன்னு பண்ணைக்காரங்க போன் பண்ணுவாங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள செத்ததையெல்லாம் பொதச்சு, தரையக் கூட்டி, சுண்ணாம்பு அடிச்சு, மருந்து தெளிச்சு, டாக்டரம்மா வாராங்கன்னு பளபளன்னு வெச்சிருப்பாங்க. அப்பறம் எங்கிட்ட, எதுனால செத்துச்சுன்னு கேப்பாங்க. நான் எதப் பாத்துச் சொல்லட்டும்? நீங்களும் அதையேதான் பண்றீங்க. நோவோட வர்றதக் குளிப்பாட்டிப்போட்டு நோவே இல்லைங்கறீங்க."

வாட்டர் வாஷ் அண்ணன் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார். எனக்குக் காது சூடானது. இத்தனை வருஷம் ஸ்கேனர் பிடித்த எனக்கு, ஒரு கோழி டாக்டர் வந்து என் தொழிலைச் சொல்லிக்கொடுக்கிறார்! கொஞ்சம் எரிச்சலும் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் எரிச்சல் வருகிற இடத்தில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும். அதை எனக்கு அன்றைக்குத்தான் ஒப்புக்கொள்ள மனம் வந்தது.

அதே நேரம் மேனேஜர் கூப்பிட்டார். மூன்றாவது முறையாக அதே புகார் என்று மேலிடத்தில் கேள்வி கேட்கிறார்களாம். "ராடாரயே மாத்திடலாம். ஆர்டர் போடுங்க. வர மூணு வாரம் ஆவும், வண்டி இங்கயே நிக்கட்டும்" என்றார். தாளை என் முன்னால் நகர்த்தினார், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். போட்டிருந்தால் என் பொறுப்பு அன்றோடு தீர்ந்திருக்கும். அந்த அம்மாவின் மாதமும் தீர்ந்திருக்கும். புது ராடார் வந்த பிறகு முதல் வெள்ளிக்கிழமையே மறுபடி வேலை செய்யாமல் போயிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இருந்தாலும் பேனாவை மூடினேன். "ஒரு மணி நேரம் குடுங்க" என்றேன்.

கணவர் எப்போதும்போலக் காத்திருக்கும் அறைக்குப் போய்விட்டார். அந்த அம்மா ஓட்ட, நான் ஸ்கேனரோடு பக்கத்தில் உட்கார, கழுவாத வண்டி நாமக்கல் ரோட்டில் ஏறியது. வேகம் வந்ததும் பட்டனை அழுத்தினார். மீட்டரில் எழுத்து வந்தது, இப்போதைக்குக் கிடையாது என்று. முதல் முறையாக அந்தக் கோளாறை என் கண்ணால் பார்க்கிறேன். உங்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும். பிடிபடாத கோளாறு ஒன்று கடைசியில் முகத்தைக் காட்டும்போது, அது கோளாறு என்பதே மறந்து கட்டிப்பிடிக்கத் தோன்றும்.

மல்லூர் தாண்டி ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். ஸ்கேனரை மூடி மடியில் வைத்துவிட்டு, அவர் சொன்னதையே யோசித்தேன். இரண்டு முறை வேலை செய்தது, மூன்று முறை வேலை செய்யவில்லை. வேலை செய்த இரண்டு முறையும் நாங்கள் வண்டிக்கு என்ன செய்திருந்தோம்? முதல் முறை ஒன்றுமே செய்யவில்லை, கழுவினோம். இரண்டாம் முறை என்னென்னவோ செய்தோம், அதிலும் முதலில் கழுவினோம். ஆக, வண்டியைச் சரி செய்தது நானே அல்ல. தண்ணீர்.

இறங்கி முன்னால் போய் நின்றேன். சாமந்திச் சரம், சந்தனம், குங்குமம். மூன்று வாரத்துக்கு முன்பும் அங்கேதான் இருந்திருக்கும். போன வாரம் நான் தொட்டு நெற்றியில் வைத்தது. நான் பார்க்காமல் இல்லை, பார்த்தேன். ஆனால் நம் ஊரில் வெள்ளிக்கிழமை வண்டியில் பூவும் பொட்டும் இருப்பது, வண்டிக்கு நான்கு சக்கரம் இருப்பதுபோல. அதை யாராவது வண்டியில் மாட்டிய பொருள் என்று நினைப்பார்களா? லைட், ஹாரன், கேமரா என்றுதானே நான் கேட்டேன்! அவரும் எதுவுமே மாட்டவில்லை என்று சத்தியமாகச் சொன்னார்.

"டாக்டரம்மா, இந்தப் பூ எவ்வளவு நாளா வெக்கறீங்க?"

"பொட்டு, வண்டி வாங்குன நாள்லேர்ந்தே வெக்கறதுதானுங்க, சின்னதா. பூவு இப்பத்தானுங்க. எங்க காட்டுல வாய்க்கா ஓரமா எங்க வூட்டுக்காரரே சாமந்தி நட்டாருங்க. பூக்க ஆரம்பிச்சதுலேர்ந்து வெள்ளிக்கிழமயானா விடியறதுக்குள்ள பறிச்சுக் கட்டி, பூவுக்குத் தக்கன சந்தனமும் தடியா அப்பிருவாரு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். "ஏனுங்ண்ணா, குரூஸ் நின்னதும் அப்பத்தானுங்களே!"

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது நம் தொழிலின் முதல் பாடம். முதலில் பூவை மட்டும் அவிழ்த்தேன். அவர் இரு கையாலும் வாங்கி முன் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். வண்டியை அணைத்து, எடுத்து, கொஞ்ச தூரம் ஓட்டினோம். விழவில்லை. மறுபடி ஓரம் கட்டினோம்.

பாக்கி இருந்தது சந்தனம். துடைக்கத் துணியை எடுத்தேன், கை போகவில்லை. வாட்டர் வாஷில் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் அதே சந்தனம்தான் கரைந்து சாக்கடைக்குப் போகும், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை பட்டப்பகலில், நடுரோட்டில், ஒருவர் பக்தியோடு வைத்த பொட்டைக் கையால் துடைப்பது வேறு. தண்ணீர் செய்தால் குற்றமில்லை, கை செய்தால்தான் குற்றம். சிரிக்காதீர்கள், உங்கள் கையும் நின்றிருக்கும்.

அந்த அம்மா வண்டியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"இந்தக் கால் ஒடஞ்சப்ப வண்டிய ஓட்டுனது அவருதானுங்க. முன்னால போன லாரி பட்டுன்னு நின்னுச்சு, இவரு மோதிட்டாரு. அவருக்கு ஒரு கீறல் இல்லீங்க. அன்னையிலேர்ந்து ஸ்டீரிங்கத் தொடல. முன் சீட்டுல உக்காரச் சொன்னாலும் மாட்டேங்கறாரு, முன்னாடி போற லாரியப் பாத்தா கை நடுங்குதுங்கறாரு. இந்த வண்டிய அவருதான் தேடிப் பாத்து வாங்குனாரு. முன்னால போற வண்டியப் பாத்துத் தானா நிக்குமாமான்னு ஷோரூம்ல பத்து தடவ கேட்டாரு."

அந்த அம்மா தன் காலைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வேறொன்று புரிந்துவிட்டது. குரூஸுக்குக் கண் தெரியவில்லை என்றால், அவசரத்தில் தானாகப் பிரேக் போடும் ஏற்பாட்டுக்கும் கண் தெரியாது. இரண்டுக்கும் அதே ராடார்தான். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று கணவர் வேண்டிக்கொண்ட நாளில்தான், வாரத்தில் அந்த ஒரு நாளில்தான், வண்டி கண் தெரியாமல் நெடுஞ்சாலையில் ஓடியிருக்கிறது. நானும் இரண்டு முறை கழுவி, எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

"தொடச்சுப்போடலாமுங்களா?" என்று கேட்டேன்.

என் கையிலிருந்த துணியை அவர் வாங்கவில்லை. முந்தானையால் அந்தச் சந்தனத்தை அவரே ஒற்றி ஒற்றித் துடைத்தார், காய்ச்சல் கண்ட பிள்ளையின் முகம் துடைப்பதுபோல. அடியில் கம்பெனிச் சின்னம் பளிச்சென்று வந்தது.

வண்டி மறுபடி ரோட்டில் ஏறியது. பட்டனை அழுத்தினார். விழுந்தது. மெதுவாக வலது காலை எடுத்துத் தரையில் வைத்தார். முன்னால் ஒரு முட்டை லாரி ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போனது. எங்கள் வண்டி அதைப் பார்த்துத் தானாகவே வேகம் குறைத்து, மரியாதையாக இடைவெளி விட்டு அதன் பின்னால் நடந்தது. அந்த அம்மா சத்தமாகச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

பட்டறைக்குத் திரும்பும் வழியில் அவர் தயங்கிச் சொன்னார்: "அண்ணா, அவருகிட்ட பியூஸ் போயிருச்சுன்னு சொல்லிப்போடுங்க. பூவு சந்தனத்துனாலன்னு தெரிஞ்சா மனுசன் ஒடஞ்சு போயிருவாரு."

நானும் அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் தொழிலில் பியூஸ் எத்தனையோ பேர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அவர் மறுபடி பூப் பறிப்பார். "இல்லீங்கம்மா, அவருக்குத் தெரியணும். நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

பட்டறைக்கு வந்ததும் கணவரை வண்டி முன்னால் கூட்டி வந்தேன். உள்ளங்கையைச் சின்னத்தின் மேல் வைத்துக் காட்டினேன். "ஐயா, முன்னாடி போற வண்டிய இது பாக்குதே, இதோ இங்கருந்துதான் பாக்குது. இத மறைச்சா அதுக்குத் தெரியாது."

அவர் என் கையைப் பார்த்தார். மனைவியின் முந்தானையில் இருந்த சந்தனக் கறையைப் பார்த்தார். அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நெத்தின்னு நெனச்சு நான் கண்ணுலயே வெச்சுப்போட்டனுங்களா?" என்றார். "இத்தன நாளும் அவளக் கண்ணக் கட்டியா நான் அனுப்பிச்சேன்?"

மேனேஜர் உட்பட நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். அந்த நிமிஷத்தில் அவரைத் தனியாக நிற்க விடக்கூடாது என்று மட்டும் எனக்குத் தோன்றியது. "ஐயா, உங்களுக்குத் தெரியாது, வெச்சீங்க. எனக்கு இது தெரிஞ்சிருக்கணும், இதுக்குத்தான் எனக்குச் சம்பளம். போன வாரம் நீங்க வெச்ச குங்குமத்த எடுத்து என் நெத்தியில வெச்சுக்கிட்டு, கழுவி, சரி பண்ணிட்டேன்னு அனுப்பிச்சவன் நான். தப்பு எம்மேலதான்" என்றேன். பட்டறையில் சேர்ந்த முப்பத்து மூன்று வருஷத்தில் வாடிக்கையாளர் முன்னால், மேனேஜர் காதுபட, தப்பு என்னுடையது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு உடம்பு லேசாக இருந்தது.

அவர் வண்டியைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்ப இதுக்கு நெத்தி எதுங்க?"

ராடார், கேமரா, சென்சார் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பிறகு பானெட்டின் நடுவே, கண்ணாடிக்குச் சற்று முன்னால் விரல் வைத்துக் காட்டினேன். "இங்க வைங்க. இங்க அதுக்கு ஒரு எடஞ்சலும் இல்ல."

மஞ்சள் பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து, அந்த இடத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார். குனிந்து, சின்னத்தைத் தன் வேட்டி நுனியால் இன்னொரு முறை துடைத்தார். அதில் துடைக்க எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு நம் பட்டறையில் வழக்கம் மாறியது. வண்டி உள்ளே வந்ததும் ஒருவர் சுற்றி ஒரு நடை நடந்து, இருப்பதை இருக்கிறபடியே போட்டோ எடுத்த பிறகுதான் வாட்டர் வாஷ். நீங்கள் அலுத்துக்கொண்டே செய்கிற அந்த வேலை அன்றைக்குப் பிறந்தது. புகார் எழுதும் தாளில், புதிதாக ஏதாவது மாட்டினீர்களா என்ற கேள்விக்குக் கீழே, "வண்டிக்கு வாராவாரம் என்னென்ன செய்வீர்கள்?" என்று ஒரு வரி இருக்கிறதே, அதை எழுதியது நான்தான். அபத்தமான கேள்வி என்று உங்களில் ஒரு பெண் என்னிடமே சொன்னார். கேளுங்கள். சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் அவர் மறைப்பதாக இருக்காது. உங்களுக்கும் அவருக்கும் பழகிப்போனதாக இருக்கும்.

அன்று வண்டி கிளம்பியதை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த அம்மா டிரைவர் சீட்டில் ஏறினார். கணவர் வழக்கம்போலப் பின் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். வைத்தபடியே நின்றார். அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை, பின்னால் காட்டும் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். இரண்டு எட்டு முன்னால் வந்து, முன் கதவைத் திறந்து, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பெல்ட்டப் போடுங்க" என்றார் அந்த அம்மா.